ஃபெரட்டைக் கொண்டு முயல் பிடித்தல்: இங்கிலாந்தில் புதிதாகத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் இன்றும் வழக்கில் உள்ள, ஃபெரட் என்னும் சிறு வீட்டு விலங்கைக் கொண்டு செய்யும் வேட்டையைப் பற்றி, அதில் புதிதாக இறங்குவோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சட்டம் பற்றிய செய்திகள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை; வேறு நாட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அதன் பெயர் குறிக்கப்பட்டுள்ளது.

இந்த வேட்டை எவ்வாறு நடைபெறுகிறது?

ஐரோப்பிய முயல் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிறது. ஒரு வளைக்குப் பல வாய்கள் இருக்கும். அந்த வாய்கள் ஒவ்வொன்றின் மீதும் வலையை விரித்துவிட்டு, பழக்கிய ஃபெரட் ஒன்றை உள்ளே அனுப்புவார்கள். அதன் மணத்தை உணர்ந்த முயல், ஏதேனும் ஒரு வாய் வழியாகப் பாய்ந்து வெளியேறும்போது வலையில் சிக்கும். வேட்டைக்காரர் அதை உடனே கையில் எடுத்துக் கொல்வார். இதில் துப்பாக்கியும் இல்லை, நஞ்சும் இல்லை. ஃபெரட்டின் வேலை முயலைக் கொல்வது அன்று, வெளியே துரத்துவது என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கீழே வரும் அறிவுரைகளில் பல இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை.

ஃபெரட் என்பது எந்த விலங்கு?

ஐரோப்பியப் போல்கேட் என்னும் காட்டு விலங்கிலிருந்து மனிதர் பழக்கி உருவாக்கிய வீட்டு விலங்கு அது. நீர்நாயும் நீலகிரி மார்ட்டெனும் சேர்ந்துள்ள குடும்பத்தைச் சேர்ந்தது. பார்வைக்குக் கீரியை நினைவூட்டினாலும் கீரிக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஆணை ஹாப் என்றும், பெண்ணை ஜில் என்றும், குட்டியைக் கிட் என்றும் அழைப்பர். ஜில் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குக் குறைவாகவே இருக்கும். ஹாப் அதைவிடக் கணிசமாகப் பெரியது. காட்டு மூதாதையின் கரும்பழுப்பு நிறத்திலும், செங்கண்ணும் வெண்மயிருமாகவும், இடைப்பட்ட மணல் நிறத்திலும் இவை பிறக்கின்றன. நிறத்துக்கும் வேட்டைத் திறனுக்கும் தொடர்பு இல்லை. வெண்ணிற ஃபெரட் புதருக்குள் எளிதில் கண்ணுக்குப் படும் என்பதற்காகச் சிலர் அதை விரும்புவது மட்டுமே நியாயமான காரணம்.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது?

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாதது. முயல்களின் பெருக்கத்தால் துன்புற்ற ஸ்பெயின் மக்கள், லிபியாவிலிருந்து வந்த ஒரு விலங்கை வாய்க்கட்டுடன் வளைக்குள் விட்டு முயல்களை வெளியேற்றியதைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பலேரிக் தீவு மக்கள் முயல்களை அடக்கப் படை உதவி வேண்டும் என்று பேரரசர் அகஸ்டஸிடம் முறையிட்ட செய்தியை ரோமானியரான பிளினி தருகிறார்.

இங்கிலாந்தில் முயல் பரவியது நார்மன்கள் வந்த பின்னர்தான். அக்காலத்தில் அது பயிரைத் தின்னும் பீடையாகக் கருதப்படவில்லை. இறைச்சிக்கும் தோலுக்குமாகச் செல்வர்கள் வேலியிட்டு வளர்த்த விலைமதிப்புள்ள உடைமையாக இருந்தது. நார்ஃபோக் மாவட்டத்துத் தெட்ஃபோர்ட் அருகே, ஏறத்தாழ 1400இல் கட்டப்பட்ட முயற்காவலர் கோட்டைவீடு ஒன்று இன்றும் நிற்கிறது. முயலைத் திருட வருவோரை எதிர்க்கவே அதன் கற்சுவர்கள் அத்தனை தடிமனாக எழுப்பப்பட்டன. 1390இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்துச் சட்டம் ஒன்று, ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள நிலம் இல்லாத எளியவர்கள் ஃபெரட்டும் வலையும் வைத்திருப்பதைத் தடை செய்தது. பின்னாளில் இதே வேட்டை பண்ணைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் தங்கள் அடுப்புக்கு இறைச்சி தேடும் வழியாக மாறியதை எண்ணிப் பார்த்தால், அந்தத் தடை யாரை நோக்கியது என்பது விளங்கும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா?

கூடாது, செய்யவும் முடியாது. நம் கரட்டிலும் கொல்லையிலும் காணப்படும் கரும்பிடரி முயல் வளை தோண்டுவதில்லை. புல்லுக்குள் உடலை அழுத்திப் படுத்து மறைகிறது. எனவே ஃபெரட்டை அனுப்புவதற்கு அங்கே வளையே இல்லை. அதற்கும் மேலாக, அந்த முயல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதை வேட்டையாடுவது குற்றம்.

பிற நாடுகளிலும் விசாரித்துவிட்டே இறங்க வேண்டும். நியூசிலாந்தில் முயலை ஒழிப்பதற்காக 1880களில் ஃபெரட்டுகளைக் காட்டில் விட்டார்கள். அவை முயலை ஒழிக்கவில்லை. தரையில் வாழும் அந்நாட்டுப் பறவைகளை அழித்தன. இன்று அங்கே ஃபெரட்டை விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் தடை உள்ளது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் வளர்ப்பு விலங்காகக் கூட அதை வைத்திருக்க இயலாது.

இங்கிலாந்தில் சட்டம் என்ன சொல்கிறது?

முதலாவது, நிலத்துக்குரியவரின் அனுமதி. 1880ஆம் ஆண்டின் கிரவுண்ட் கேம் சட்டம், நிலத்தைப் பயிரிடுபவருக்குத் தம் நிலத்து முயலைப் பிடிக்கும் உரிமையை அளிக்கிறது. குத்தகை ஒப்பந்தத்தால் கூட அதைப் பறிக்க முடியாது. வெளியாள் ஒருவர் அந்த உரிமையின் பேரில் வேட்டையாட வேண்டுமானால் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். அந்தத் தாளை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள். அனுமதியின்றிப் பகலில் நுழைந்தால் 1831ஆம் ஆண்டுச் சட்டமும், இரவில் நுழைந்தால் 1828ஆம் ஆண்டுச் சட்டமும் பாயும். இரண்டும் இன்னும் நடைமுறையில் உள்ளவை.

அனுமதி கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. 1954ஆம் ஆண்டின் பெஸ்ட்ஸ் (பயிரழிக்கும் உயிர்கள்) சட்டப்படி, இலண்டன் மாநகரின் நடுப்பகுதியான சிட்டி, சில்லித் தீவுகள், ஸ்கோகோம் தீவு ஆகியவை நீங்கலாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலம் வைத்திருப்போர் தம் நிலத்து முயல்களைக் கட்டுப்படுத்தக் கடமைப்பட்டவர்கள். ஆகவே ஒழுங்காக வேலை செய்து, கதவுகளைச் சாத்தி, தோண்டிய குழிகளை மூடிவிட்டுப் போகும் ஒருவர் பண்ணையாருக்கு உதவியாளரே.

இரண்டாவது, விலங்கு நலம். 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் உங்கள் ஃபெரட்டை மட்டும் காப்பதன்று. வலையில் விழுந்த கணத்திலிருந்து முயலும் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள விலங்காகிறது; அதைத் தேவையின்றித் துன்புறுத்தினால் நீங்கள் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது, பேட்ஜர் என்னும் விலங்கின் வளையைத் தொடவே கூடாது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கடுமையான தண்டனை வைத்திருக்கிறது. அகன்ற வாயும், வெளியே குவிந்த பெரும் மண்மேடும், இழுத்துப் போட்ட காய்ந்த புல்லும் தென்பட்டால் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். ஒரு குளிர்காலம் முழுவதும் அனுபவம் உள்ள ஒருவருடன் சென்று, அவருக்காக வலை விரித்து, மண் தோண்டி, மழையில் காத்து நில்லுங்கள். அதற்குப் பிறகும் விருப்பம் மிஞ்சினால் கூண்டைக் கட்டுங்கள். கூண்டு தயாரான பின் ஃபெரட்டைத் தேடுங்கள். இந்த வரிசையைப் பலர் தலைகீழாக்குகிறார்கள். வேட்டை நடப்பது ஆண்டில் சில மாதங்கள், அதிலும் சில நாட்கள். ஃபெரட்டோ ஆண்டின் எல்லா நாளும் தின்று, கழித்து, விளையாடி, நோயுற்று, ஆறு முதல் பத்து ஆண்டுகள் வரை உங்களோடு வாழப் போகிறது. அந்தப் பராமரிப்பில் மனம் ஒன்றாதவர் இதில் இறங்காமல் இருப்பதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.

எத்தனை வேண்டும்? ஹாப் நல்லதா, ஜில் நல்லதா?

இரண்டு ஜில்கள் போதும். ஜில் சிறிய உடல் கொண்டதால் வலைக்கண் வழியே வலையைக் கலைக்காமல் நுழைந்து வெளிவரும். குறுகிய வளையிலும் எளிதாகத் திரும்பும். ஹாப்பின் உடல்வலிமை வேறு வகையில் பயன்பட்டது. மின்னணுக் கருவி வருவதற்கு முன், இடைவெளி விட்டு முடிச்சிட்ட நீண்ட கயிற்றைக் கழுத்தில் கட்டி அதை உள்ளே அனுப்புவார்கள். எத்தனை முடிச்சு உள்ளே போயிற்று என்று எண்ணி, எங்கே தோண்டுவது என்று கணிப்பார்கள். தனியாக ஒரே ஒரு ஃபெரட்டை வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை சேர்ந்து உறங்கி, சேர்ந்து விளையாடும் இயல்புள்ளவை.

வேட்டைக்குப் பழகிய பெற்றோருக்குப் பிறந்த, வேனிற்காலத்துக் கிட்டாக வாங்குவது நலம். கண் தெளிவாகவும் மூக்கு ஈரமாகவும் உடல் இறுக்கமாகவும் இருக்க வேண்டும்; கையில் எடுத்தால் ஆர்வத்தோடு முகர வேண்டும்.

கூண்டும் உணவும் எப்படி அமைய வேண்டும்?

கூண்டு பெரிதாக, உலர்ந்ததாக, காற்றோட்டம் உள்ளதாக இருக்க வேண்டும். இருட்டான படுக்கைப் பெட்டி ஒன்றும், ஓடியாட இடமும் தேவை. ஃபெரட் குளிரைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே அதன் உயிர் ஆபத்துக்குள்ளாகும். ஆகையால் கூண்டை நிழலில் வையுங்கள். கோடையில் காருக்குள் சில நிமிடங்கள் கூட விட்டுச் செல்லாதீர்கள். அவை ஒரே மூலையில் கழிக்கும் பழக்கம் உள்ளவை என்பதால் நாள்தோறும் அந்த மூலையைச் சுத்தம் செய்வது கடினமன்று. கூண்டு நாறுகிறது என்றால் அது வளர்ப்பவரின் சோம்பல்.

உணவு இறைச்சி மட்டுமே. அதன் குடல் குட்டையானது. தின்றது சுமார் மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். தானியத்தையும் காயையும் செரிக்கும் அமைப்பு அதற்கு இல்லை. பழைய காலத்தில் பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அது அவற்றின் உடலைக் கெடுத்தது. தோலோடும் எலும்போடும் முயல் இறைச்சியோ, ஃபெரட்டுக்கென்று செய்யப்பட்ட உலர் உணவோ கொடுங்கள். தின்னாமல் படுக்கைக்குள் இழுத்துச் சென்று பதுக்கியதை அன்றாடம் தேடி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஃபெரட்டுக்கு வந்தால் ஏறக்குறைய எப்போதும் மரணம்தான். கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். மனிதருக்கு வரும் இன்ஃப்ளுயன்சா காய்ச்சலும் அவற்றைத் தொற்றும். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் வேறொருவரைக் கூண்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஜில்லுக்குப் பருவம் வந்தால் ஏதேனும் செய்ய வேண்டுமா?

கட்டாயம் செய்ய வேண்டும். புதியவர்கள் அறியாமல் தம் விலங்கை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பகல் நீளத் தொடங்கும் மார்ச் மாதவாக்கில் ஜில் பருவத்துக்கு வரும். பிறப்புறுப்பு வெளிப்படையாக வீங்குவதைக் கொண்டு அதை அறியலாம். இணை சேர்ந்தால்தான் அதன் கருமுட்டை வெளிப்படும். இணை சேராவிட்டால் பருவம் தானாக முடியாமல் மாதக்கணக்கில் நீடிக்கும். அவ்வளவு காலமும் உடலில் மிகுந்து நிற்கும் ஈஸ்ட்ரோஜன் எலும்பு மச்சையைக் கெடுத்து, இரத்தம் ஊறுவதைத் தடுத்து, உயிரைப் பறித்துவிடும்.

குட்டி போடவிடுவது இதற்கு எளிய வழியாகத் தோன்றலாம். 42 நாள் சினைக்குப் பிறகு ஆறு, எட்டு குட்டிகள் பிறந்தால் அத்தனைக்கும் நல்ல வீடு தேட வேண்டும் என்பதையும், ஃபெரட் காப்பகங்கள் ஏற்கெனவே கைவிடப்பட்டவற்றால் நிறைந்திருப்பதையும் எண்ணிப் பாருங்கள். விந்துக்குழாய் துண்டிக்கப்பட்ட ஹாப்புடன் சேர்ப்பது ஒரு வழி: கரு உண்டாகாது, பருவம் மட்டும் அடங்கும். மருத்துவர் ஆண்டுதோறும் பருவத் தொடக்கத்தில் போடும் ஹார்மோன் ஊசி இன்னொன்று. தோலுக்கடியில் வைக்கும் மருந்துத் துண்டு இன்னும் நீண்ட காலம் பயன் தரும். எது பொருத்தம் என்பதைப் பிப்ரவரியிலேயே மருத்துவருடன் பேசி முடிவெடுங்கள்.

ஃபெரட் கடிக்காதா?

கிட் பருவத்தில் எல்லாமே பல்லால் சோதிக்கும். நாள்தோறும் பலமுறை கையில் எடுத்து, தோளுக்குப் பின்னால் மென்மையாகப் பிடித்து, அவசரமின்றிப் பழக்கினால் சில வாரங்களில் அந்தக் கடி நின்றுவிடும். அடிப்பது பயத்தைத்தான் வளர்க்கும். கை நடுங்கிக் கையை வெடுக்கென்று இழுப்பவரையே அது கடிக்கிறது. வேட்டைத் திறனைக் கற்பிக்கத் தேவையில்லை, அது பிறவியிலேயே வருவது. நீங்கள் கற்பிக்க வேண்டியது, வளையை விட்டு வெளியே வந்ததும் உங்கள் கைக்குத் தயங்காமல் வருவதைத்தான். தரையில் குழாய்களை வைத்து விளையாடவிட்டு, வெளியே வரும் ஒவ்வொரு முறையும் எடுத்துத் தடவிக் கொடுத்து மீண்டும் விடுங்கள்.

எந்த மாதங்களில் போக வேண்டும்?

அக்டோபர் முதல் பிப்ரவரி இறுதி வரை. முதல் உறைபனி விழுந்து முட்செடியும் காஞ்சொறியும் சாய்ந்த பிறகே வளைவாய்கள் முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன் சென்றால் மறைந்த வாய் வழியே முயல் தப்பும். வளைக்குள் இளங்குட்டிகளும் இருக்கும். அந்த முயல்குட்டிகளைக் கண்ட ஃபெரட் அங்கேயே கொன்று தின்று உறங்கிவிடும். முயல் ஆண்டின் தொடக்கத்திலேயே ஈனத் தொடங்குவதால், மிதமான குளிர்காலம் உள்ள ஆண்டில் பிப்ரவரிக்கு முன்பே நிறுத்திக்கொள்வது முறை.

என்னென்ன கருவிகள் தேவை?

முதன்மையானது சுருக்குவலை. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையின் தத்துவம்தான் அதிலும்: வலையின் ஓரம் முழுவதும் ஓடும் கயிறு ஒரு முளையில் கட்டப்பட்டிருக்கும், முயல் மோதியதும் கயிறு இழுபட்டு வலையின் வாய் மூடிக்கொள்ளும். ஏறத்தாழ மூன்றடி நீளமுள்ள வலை பெரும்பாலான வாய்களுக்குப் பொருந்தும். நைலான் வலை மலிவானது, மழையில் மட்காது. சணல் போன்ற ஹெம்ப் நாரால் பின்னியது மண்ணில் நன்றாகப் படிந்து கிடக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் உலர்த்தியாக வேண்டும். கையால் வலை பின்னக் கற்றுக்கொள்ளுங்கள். கோடைக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. வாய்களை எண்ண முடியாதபடி அடர்ந்த வேலிப்புதரில், வளையைச் சுற்றிலும் நிறுத்தும் நீள்வலை பயன்படும். அதைக் கையாள்வது தனிக்கலை. முதல் ஆண்டில் வேண்டாம்.

அடுத்தது இடங்காட்டி. ஃபெரட்டின் கழுத்துப்பட்டையில் சிறு அலைபரப்பி இருக்கும். கையில் உள்ள பெட்டி, மண்ணுக்குள் அது எங்கே, எத்தனை அடி ஆழத்தில் உள்ளது என்று காட்டும். வேறு எதில் சிக்கனம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள். இது இல்லாமல் ஃபெரட்டை மண்ணுக்குள் அனுப்புவதை இன்றைய நாளில் நியாயப்படுத்த இயலாது. புறப்படும் முன் மின்கலத்தை மாற்றுங்கள். வளையருகே பட்டையைக் கட்டியதும் ஒருமுறை சோதியுங்கள். பட்டை கழன்று போகாமலும் கழுத்தை இறுக்காமலும் இருக்கட்டும்.

குறுகலான, உறுதியான மண்வெட்டி, காற்றுத்துளையும் வைக்கோலும் உள்ள மரப்பெட்டி, கூர்மையான கத்தி, ஃபெரட்டுக்குத் தண்ணீர் ஆகியவற்றோடு பட்டியல் முடிகிறது. சாக்குப்பையில் ஃபெரட்டைத் தூக்கிச் செல்லும் பழைய வழக்கம் வேண்டாம்.

வளையில் முயல் இருப்பதை எப்படி அறிவது?

புதிய புழுக்கைகள், தேய்ந்து வழுவழுப்பான வாய், புதிதாகக் கிளறிய மண், வாயிலிருந்து பயிரை நோக்கிச் செல்லும் தடம் ஆகியவை நல்ல அறிகுறிகள். சிலந்திவலையோ உதிர்ந்த இலையோ வாயை அடைத்துக் கிடந்தால் அவ்வழியில் நடமாட்டம் இல்லை. ஆனாலும் அந்த வாய்க்கும் வலை போட வேண்டும். எலி வளை என்று ஐயம் எழுந்தால் ஃபெரட்டை விடாதீர்கள். எலிக்கூட்டம் அதை மோசமாகக் கடித்துவிடும். தொடக்கத்தில் ஐந்தாறு வாய்கள் மட்டும் உள்ள, திறந்த புல்வெளியில் தனித்திருக்கும் சிறிய வளையையே தேர்ந்தெடுங்கள். மரவேர்களுக்கு அடியிலும் கற்சுவருக்கு அடியிலும் உள்ளதைத் தோண்ட முடியாது.

வளையருகே வேலை எந்த ஒழுங்கில் நடக்க வேண்டும்?

காற்று உங்கள் முகத்தில் படும் திசையிலிருந்து நெருங்குங்கள். பேச்சு வேண்டாம், காலடி அதிர்வும் வேண்டாம். முயல் மண்ணுக்குள்ளிருந்தே உங்களை உணர்ந்துவிட்டால், வெளியே ஓடுவதைவிட ஃபெரட்டை எதிர்கொண்டு உள்ளேயே ஒடுங்குவதைத் தேர்ந்தெடுக்கும்; பிறகு அன்றைய பொழுது தோண்டுவதிலேயே போகும். இருவர் என்றால், எந்தப் பக்கத்தை யார் பார்ப்பது என்பதை வயலின் ஓரத்திலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

முள்ளையும் காய்ந்த தண்டையும் கையால் விலக்கி, ஒவ்வொரு வாயின் மீதும் வலையைத் தளர்வாக விரியுங்கள். கீழ் வளையம் வாய்க்குள் சற்று உள்வாங்கியிருக்க, மேல் ஓரம் வாயின் நெற்றியைத் தாண்டிப் படிந்திருக்க வேண்டும். முளையைச் சாய்வாக, உறுதியாக ஊன்றுங்கள். முளை பிடுங்கிக்கொண்டால் முயல் வலையோடு உள்ளே திரும்பி மூச்சுத்திணறிச் சாகும், அது நேரவே கூடாதது. எல்லா வாய்களும் முடிந்தன என்று தோன்றிய பிறகு இன்னொரு முறை சுற்றிப் பாருங்கள். புல்லுக்குள் நேர்குத்தாக இறங்கும், மண்குவியலே இல்லாத தப்பியோடும் துளை ஒன்று பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

பின்னர் ஒரு வாயின் வலையை ஓரமாகத் தூக்கி, ஃபெரட்டை அதன் அருகில் தரையில் விடுங்கள். உள்ளே திணிக்க வேண்டாம். அது முகர்ந்து, தயங்கி, தானாக நுழையட்டும்; வாய் வரை சென்று திரும்பினால் உள்ளே முயல் இல்லாமலும் இருக்கலாம். நுழைந்ததும் வலையைச் சரிசெய்துவிட்டு, வாய்க்கு எதிரே நிற்காமல் பின்புறமாக ஒதுங்கி நில்லுங்கள். சில வேளை மண்ணுக்கடியில் தடதடவென்று ஓட்டம் கேட்கும்; சில வேளை எந்த ஓசையும் இன்றி வலை ஒரே நொடியில் பந்தாகத் திரளும். உடனே சென்று ஒரு காலால் அந்த வாயை அடைத்துக்கொண்டு, முயலைக் கையில் எடுத்து வேலையை முடித்து, புது வலையை அதே இடத்தில் போடுங்கள்.

ஃபெரட் வாயருகே தலை நீட்டும்போது பாய்ந்து பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தால், கைக்கு எட்டாத தொலைவில் உள்ளேயே நின்று பார்க்கும் கெட்ட பழக்கம் வந்துவிடும். அதை மாற்றுவது மிகக் கடினம். அது முழுதாக வெளியே வரட்டும், பிறகு மேலிருந்து மெதுவாக எடுங்கள்.

ஃபெரட் வெளியே வராவிட்டால்?

உள்ளே முயலைக் கொன்றிருக்கலாம், அல்லது முட்டுச்சந்தில் ஒடுங்கிய முயலைப் பிராண்டிக்கொண்டிருக்கலாம். சற்றுப் பொறுங்கள். இடங்காட்டி ஒரே இடத்தைத் தொடர்ந்து காட்டினால் ஆழத்தைக் குறித்துக்கொண்டு தோண்டத் தொடங்குங்கள். கடைசி ஓரடியை மண்வெட்டியால் அல்லாமல் கையால் தோண்ட வேண்டும். ஃபெரட்டை எடுத்த பின் அந்த இடத்தின் இருபுறமும் கைவிட்டுப் பாருங்கள், வேறு முயலும் இருக்கக்கூடும். மண்ணை முழுவதும் மூடி, மிதித்து, புல்தரையை மேலே வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். திறந்த குழியில் பண்ணையாரின் மாடு காலை ஒடித்துக்கொண்டால் அனுமதி அன்றோடு முடிந்தது.

முந்தைய நாள் முழுக்கப் பட்டினி போட்டால் ஊக்கமாக வேலை செய்யும் என்று சிலர் நம்புகிறார்கள். பசித்த ஃபெரட் பிடித்த முயலைத் தின்றுவிட்டு அங்கேயே உறங்கும். காலையில் சிறிதளவு கொடுத்தே அழைத்துச் செல்லுங்கள். எக்காரணம் கொண்டும், உள்ளே இருக்கும் ஃபெரட்டை விட்டுவிட்டு வீடு திரும்பாதீர்கள். இருட்டிய பின்னும் தேட வேண்டுமானால் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அது வந்த பெட்டியை அதன் படுக்கை வைக்கோலோடு வளைவாயில் வைத்து, விடியுமுன் மீண்டும் வாருங்கள்.

முயலை எப்படிக் கொல்வது?

கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் பிரிப்பதே வழக்கமான முறை. சரியாகச் செய்தால் அந்தக் கணத்திலேயே உயிர் போய்விடும். எழுத்தில் படித்துச் செய்யத்தக்க காரியம் இது அன்று. அனுபவம் உள்ளவர் பக்கத்தில் நின்று, ஏற்கெனவே இறந்த முயலில் உங்கள் கையின் பிடியைத் திருத்தித் தர வேண்டும். தயக்கம் இருப்பவர் மனிதத்தன்மை உள்ளவர்தான். ஆனால் தயங்கும் கை முயலின் வேதனையை நீட்டிக்கிறது. இதைச் செய்ய முடியாது என்று தோன்றினால் வலை விரிப்பவராக மட்டும் துணை செல்லலாம்; அதில் குறைவு ஒன்றும் இல்லை.

நாய் வேண்டுமா?

தேவையில்லை, இருந்தால் உதவும். லர்ச்சரோ விப்பெட்டோ டெரியரோ, முயல் உள்ள வளையை மோப்பத்தால் காட்டித் தரும், வலையைத் தாண்டிய முயலைத் துரத்தும். ஆனால் ஃபெரட்டை முயலிலிருந்து வேறுபடுத்தி அறியும்வரை நாயை வளையருகே அவிழ்த்துவிடக் கூடாது. நாயும் ஃபெரட்டும் ஒரே வீட்டில் சிறுவயது முதல் பழகினால் அது எளிதில் வரும். இங்கிலாந்தில் நிலத்துக்குரியவர் அனுமதித்தால் முயலை நாயைக் கொண்டு பிடிக்க 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் இடம் தருகிறது. ஸ்காட்லாந்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டமோ முயலையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துள்ளது. எல்லை கடந்து செல்வோர் அதைப் படித்துவிட்டே செல்ல வேண்டும்.

பிடித்த முயலை உண்ணலாமா?

உண்ண வேண்டும் என்றே சொல்வேன். உண்ணாமல் குழியில் எறிவதற்காகக் கொல்வது எனக்கு ஒப்பாதது. கொன்றவுடன் அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றுங்கள். இல்லையேல் இறைச்சியில் நாற்றம் ஏறும். தாமதிக்காமல் குடலை நீக்கி, காற்றுப்படத் தொங்கவிட்டுக் குளிரச் செய்யுங்கள். ஈரலில் வெண்புள்ளிகள் நிறைந்திருந்தால் அந்த முயலை ஒதுக்கிவிடுங்கள். காட்டு முயலில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் வேகமாக வறுத்தால் நாராகிவிடும். மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊற்றி, சிறுதீயில் நெடுநேரம் வேகவைக்கும் நம் குழம்பு முறை அதற்கு மிகப் பொருத்தம்.

நோயுற்ற முயல் கிடைத்தால்?

கண்ணும் முகமும் வீங்கி, ஆள் வந்தும் ஓடாமல் நிற்கும் முயலுக்கு மிக்சோமாடோசிஸ் கண்டிருக்கிறது. 1953இல் கென்ட் மாவட்டத்தில் தோன்றிய அந்த நோய் சில ஆண்டுகளுக்குள் பிரிட்டனின் முயல்களில் நூற்றுக்கு 99 பங்கை அழித்தது. அது மனிதரையோ ஃபெரட்டையோ தொற்றுவதில்லை. துன்பத்தில் இருக்கும் அந்த உயிரை உடனே முடித்துவிடுவதே இரக்கம். இறைச்சியை எடுக்க வேண்டாம். அத்தகைய முயலை வேறு நிலத்துக்குக் கொண்டுபோய் நோயைப் பரப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எத்தனை முயலைப் பிடிக்கலாம்?

சட்டம் வரம்பு விதிக்கவில்லை. ஆனால் 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு பிரிட்டனில் முயல்களின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. அதற்குப் பெருங்காரணம் இரத்தக்கசிவு நோய். தாயகமான ஐபீரியத் தீபகற்பத்தில் இந்த முயல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகவே பட்டியலிடப்பட்டுள்ளது. நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களின் மணற்பாங்கான பிரெக்லாந்து பகுதியில், முயல் புல்லைக் கொறித்தும் மண்ணைக் கிளறியும் வைப்பதால்தான் சில அரிய செடிகளும் பூச்சிகளும் பிழைக்கின்றன; அங்கே முயலைப் பெருக்க முயல்கிறார்கள். எனவே பயிருக்கோ தோட்டத்துக்கோ கேடு உள்ள இடத்தில், பண்ணையார் கேட்ட அளவுக்குப் பிடியுங்கள். ஒரு நிலத்தில் முயல் அருகிவிட்டது என்று உங்கள் கண்ணுக்கே தெரிந்தால், அங்கே அந்தப் பருவம் முழுவதும் போகாமல் இருங்கள்.

வீடு திரும்பியதும் முதல் வேலை எது?

ஃபெரட். கழுத்துப்பட்டையைக் கழற்றி, கண், காது, பாதம், பற்கள் எல்லாவற்றையும் பாருங்கள். முயலின் பின்னங்கால் உதையாலும் முள்ளாலும் காயம் பட்டிருக்கலாம். உண்ணியைக் கொக்கியால் எடுங்கள். ஈரமாக இருந்தால் துணியால் துடைத்து, இன்னும் சூடு ஆறாத முயல் ஈரலையோ இறைச்சியையோ கொடுத்து, உலர்ந்த படுக்கையில் விடுங்கள். அதற்குப் பின்னரே வலைகளை விரித்து உலர்த்துவதும், அறுந்த கண்களைத் தைப்பதும், உங்கள் சாப்பாடும்.